கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் வெனிலா

முதல் நாள்

ஆரப்பாளையத்தில் பதினொரு மணிக்கு பஸ் ஏறினேன். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று கம்பம் வந்து இறங்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. மகரவிளக்கு முடிந்துவிட்டதால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வர முடிந்தது.

எதற்காக இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறோம். ஆறு வருஷமாகிறது. சீதாப்பழம், நாவல்பழம், இளநீர் எல்லாம் விளைகிற இடத்திலிருந்தே நேராக வாங்குகிறோம். வெனிலா மட்டும் பாட்டில் எசென்ஸ். கடையில் அதிகம் விற்பதும் வெனிலாதான். குழந்தைகள் கேட்பது அதைத்தான், வயசானவர்கள் கேட்பதும் அதைத்தான். அதிகம் விற்கிற ஒரு பொருளில் மட்டும் நான் என்ன போடுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை என்பது ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

எசென்ஸில் மணம் தருவது பெரும்பாலும் வெனிலின் என்கிற ஒரே பொருள். 1874-ல் டீமான், ஹார்மான் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஊசியிலை மரச் சாற்றிலிருந்து எடுத்த ஒரு பொருளை வைத்து அதைச் செய்து காட்டினார்கள். இன்றைக்குப் பெட்ரோலியத்திலிருந்து வருகிற மூலப்பொருளை வைத்தே பெரும்பகுதி தயாராகிறது. உலகம் முழுக்க வெனிலா சுவை என்று விற்பதில் நூற்றில் ஒரு பங்குகூட நிஜமான காயிலிருந்து வருவதில்லை. காயில் வெனிலினோடு சேர்ந்து இருநூறுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் இருக்கின்றன. வாயில் வைத்ததும் ஒரு வாசனை, விழுங்கிய பிறகு வேறொரு வாசனை என்று வருவது அதனால்தான்.

போன வருஷம் ஒரு வியாபாரியிடம் அரைக் கிலோ காய் வாங்கினோம். காற்று நீக்கி அடைத்த பாக்கெட். பிரித்தபோது பளபளவென்று கறுப்பாக, பார்க்க அழகாக இருந்தது. இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. முழுசாகக் காயாத காயை ஈரத்தோடு அடைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கும் சேர்த்து நாம் காசு கொடுத்திருக்கிறோம். எந்தத் தோட்டத்துக் காய், எந்த மாசம் பறித்தது என்று கேட்டால் விற்றவருக்கே பதில் தெரியவில்லை. அன்றைக்கு முடிவு செய்ததுதான், இனிமேல் வளர்க்கிறவர் கையிலிருந்தே வாங்குவது என்று. எங்களுக்கு ஏலக்காய் கொடுக்கிற போடி கடைக்காரர், கேரளாவில் இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனைப் பக்கம் ஒரு குடும்பத்தைச் சொன்னார்.

கம்பத்திலிருந்து கேரள எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டு ஏறும்போது எதிரே ஜீப்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஏலத்தோட்ட வேலை முடிந்து ஊர் திரும்புகிற நம்மூர்ப் பெண்கள். ஒரு ஜீப்பில் இத்தனை பேரா என்று தோன்றும். விடியுமுன் ஏறிப் பொழுது சாய இறங்குவது அவர்களுக்கு அன்றாடம். கட்டப்பனைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது, நல்ல குளிர். கட்டன்சாயா இரண்டு கிளாஸ் குடித்தேன். மற்றது நாளை.

இரண்டாம் நாள்

கட்டப்பனையிலிருந்து ஜீப்பில் அரை மணி நேரம், அப்புறம் பத்து நிமிஷம் நடை. ஓட்டு வீடு. முற்றம் முழுக்கப் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. இந்த மாசங்களில் இங்கே எந்த வீட்டு முற்றத்திலும் மிளகோ காப்பிக்கொட்டையோ காயாமல் இருக்காது. திண்ணையில் வெள்ளைச் சட்டையும் முண்டுமாக எழுபது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மச்சி உட்கார்ந்திருந்தார்.

"மதுரையில இருந்தா மோளே? இவ்வளவு தூரம் காய் பாக்கவா வந்தே?"

நல்ல தமிழ். இடுக்கிப் பக்கம் அம்பது வருஷம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தமிழ் பேசாமல் ஒரு நாளும் போகாது. புட்டும் கடலையும் வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை வெனிலாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள், கடை வாடகையா சொந்தமா என்றெல்லாம் கேட்டார். அதற்குப் பிறகுதான் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் இருநூறு கொடி இருக்கும். வெனிலா ஓர் ஆர்க்கிட் என்று படித்திருக்கிறேன். நேரில் பார்த்தால் பூச்செடி மாதிரியே இல்லை. விரல் தடிமனில் பச்சைப் பாம்பு போலத் தண்டு, சதைப்பிடிப்பான இலை, கணுவுக்குக் கணு வேர் விட்டுச் சீமைக்கொன்னைக் கம்பைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. விட்டால் மரத்து உச்சிக்குப் போய்விடுமாம். கைக்கு எட்டுகிற உயரத்தில் வளைத்து வளைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வளைத்துவிட்டால்தான் பூக்கவும் பூக்கும். அடியில் காய்ந்த இலையும் சருகும் மெத்தை மாதிரி கிடந்தன. "அதைச் சவிட்டாதே மோளே. வேரு மேலாகத்தான் ஓடும்" என்றார். ஒரு இலையை ஒடித்துப் பார்க்கக் கை போனது. அதற்கும் தடுத்துவிட்டார். பால் பட்டால் அரிக்குமாம்.

இங்கேதான் அந்தக் கதையைச் சொன்னார். முடிந்தவரை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

2000-ல் மடகாஸ்கரில் ஹூதா என்றொரு புயல். உலகத்து வெனிலாவில் பெரும்பங்கு அந்தத் தீவின் வடகிழக்கு மூலையில் விளைகிறது. அங்கே கொடிகள் நாசமானதும் விலை ஏறத் தொடங்கியது. 2002-ல் அங்கே அரசியல் குழப்பமும் சேர்ந்துகொள்ள, 2003-ல் பதப்படுத்திய காய் கிலோ 400 டாலருக்கு மேலே போய்விட்டது. இடுக்கியிலும் வயநாட்டிலும் பச்சைக்காயே கிலோ மூவாயிரம் ரூபாய் தாண்டியது. ஏலக்காயும் மிளகும் விலை இல்லாமல் கிடந்த நேரம் அது. எல்லோரும் வெனிலா நட்டார்கள். காப்பியைப் பிடுங்கிவிட்டு நட்டவர்கள் உண்டு, ரப்பரை வெட்டிவிட்டு நட்டவர்கள் உண்டு. நடுவதற்குக் கொடித்தண்டையே முழம் போட்டு விற்றார்கள்.

"ராத்திரி உறக்கம் கிடையாது. என் வீட்டுக்காரர் டார்ச் எடுத்துட்டுக் கொடிக்கு அடியில கட்டில் போட்டுக் கிடப்பார். ரெண்டு நாய் வாங்கினோம். தூரத்துல ஒரு தோட்டத்துல கரண்ட் கம்பியே வச்சிருந்தாங்க."

திருட்டுக்குப் பயந்து பலர் காய் முற்றுவதற்கு முன்பே பறித்துவிட்டார்கள். ஆறு மாசக் காய்க்குப் பார்வைக்கு முழு நீளம் இருக்கும், உள்ளே மணத்துக்கான சத்து சேர்ந்திருக்காது. மடகாஸ்கரிலும் இதே பயம்தான். அங்கே விவசாயிகள் குண்டூசி பதித்த முத்திரையால் பச்சைக்காயின் தோலில் தங்கள் அடையாளத்தைக் குத்தி வைக்கிறார்கள். காய்ந்த பிறகும் அந்தப் புள்ளிகள் தெரியும்.

வெனிலாக் கொடி நட்டு மூன்றாம் வருஷம்தான் காய்க்கும். இவர்கள் நட்டது 2002. அம்மச்சியின் வீட்டுக்காரர் நாற்பது மிளகுக்கொடியை எடுத்துவிட்டு நட்டிருக்கிறார். அது காய்க்கிற நேரத்தில் மடகாஸ்கரிலும் புதுக்கொடிகள் காய்த்தன, உகாண்டாவிலும் இந்தோனேசியாவிலும் காய்த்தன. விலை ஏறியிருந்தபோது பெரிய கம்பெனிகள் செயற்கை வெனிலினுக்கு மாறியும் விட்டன. 2005 வாக்கில் பச்சைக்காய் கிலோ நூறு ரூபாய்க்குக்கூடக் கேட்க ஆளில்லை. பூவுக்கு மகரந்தம் தொட்டுவிட்ட கூலிகூடத் திரும்பவில்லை.

"எல்லாரும் பிடுங்கிக் கொல்லையில போட்டாங்க. எங்களுக்குப் பிடுங்கக் கூலி கொடுக்கவும் காசில்லை. கெடக்கட்டும்னு விட்டோம்."

அப்படி விட்டதில் அழுகல் நோய் பாதியைத் தின்றது. 2018 ஆகஸ்ட் மழையில் இன்னும் கொஞ்சம் போயிற்று. 2017 மார்ச்சில் மடகாஸ்கரை ஏனாவோ புயல் அடித்த பிறகு விலை மறுபடி கிலோ 600 டாலர் வரை ஏறியது. அப்போது எங்கிருந்தோ வியாபாரிகள் கார் எடுத்துக்கொண்டு இந்த வீட்டைத் தேடி வந்திருக்கிறார்கள். கூடுதலாக நடுங்கள், எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருஷம் வந்தார்கள். விலை இறங்கியதும் வரவில்லை.

"ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டான். அவ்வளவுதான்." கொடியிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு மோளே. வெலை எறங்கினா நீ வருவியா?"

வருவேன் என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். முன்னே வந்தவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியதால் வாய் வரவில்லை. "ரெண்டு நாள் குடுங்க அம்மச்சி, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. மேல்வீட்டு அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னார்.

ராத்திரி வீட்டுக்காரரோடு ஒரு மணி நேரம் ஃபோனில் பேசினேன். முடிவு எதுவும் ஆகவில்லை.

மூன்றாம் நாள்

ஆறரைக்கே எழுப்பிவிட்டார்கள். வெளியே மூச்சு விட்டால் புகை. கம்பத்திலிருந்து வேலைக்கு வருகிற அக்கா அதற்குள் வந்துவிட்டார். பதினெட்டு வருஷமாக இந்தத் தோட்டத்துக்கு வருகிறார். ஏலம் பறிப்பு, மிளகு, களை என எல்லா வேலையும் செய்வார். தை, மாசியில் பூ வேலை அவர் கையில்தான்.

"தங்கச்சி, துண்டைத் தலையில கட்டிக்கங்க, பனி எறங்குது."

வெனிலாப் பூ வெளிர் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். சங்கு மாதிரி சுருண்ட ஓர் இதழ், சுற்றிலும் ஐந்து நீள இதழ்கள். ஒரு கொத்தில் பதினைந்து இருபது மொட்டு இருக்கும். ஒரே நாளில் எல்லாம் விரியாது. தினம் ஒன்றோ இரண்டோ விடியலில் விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் மகரந்தம் சேரவில்லை என்றால் அந்தப் பூ உதிர்ந்து போகும். ஆகவே பூக்காலம் முடிகிற வரை ஒரு நாள் விடாமல், ஞாயிறோ திருவிழாவோ பார்க்காமல், காலையில் கொடி கொடியாக நடக்க வேண்டும்.

பூவுக்குள் ஆண் பாகமும் பெண் பாகமும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. நடுவே மெல்லிய நாக்கு மாதிரி ஒரு தோல் மறைத்துக்கொண்டிருக்கிறது. மெக்சிகோதான் கொடியின் சொந்த ஊர். அங்கே இதற்கென்றே சிலவகைத் தேனீக்கள் உண்டு. இந்தியா, மடகாஸ்கர் மாதிரி இடங்களில் அவை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிற ரீயூனியன் தீவுக்குக் கொடியைக் கொண்டுவந்த பிறகு, அது பல வருஷம் பூத்துப் பூத்துக் காய்க்காமலே உதிர்ந்தது. 1841-ல் எட்மண்ட் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயசுப் பையன், அடிமையாகப் பிறந்தவன், ஒரு குச்சியால் அந்தத் தோலைத் தூக்கிக் கட்டைவிரலால் அமுக்கி மகரந்தத்தைச் சேர்த்துக் காட்டினான். பெரிய தாவரவியல் அறிஞர்களுக்குப் பிடிபட்டும் ஊரில் பரவாத ஒரு வேலையை அவன் எளிதாக்கினான். அவன் கண்டுபிடித்ததை வைத்து அந்தத் தீவும், பிறகு மடகாஸ்கரும் பணம் பார்த்தன. 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தபோதுதான் அவனுக்கு விடுதலை. 1880-ல் வறுமையில்தான் இறந்தான். இவ்வளவையும் நான் அக்காவிடம் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பன்னெண்டு வயசா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் சின்ன மகன் வயசு" என்றார்.

அக்கா கையில் இருந்தது ஒரு ஈர்க்குச்சி, தென்னந்துடைப்பத்திலிருந்து உருவியது, முனை மழுங்கச் சீவியது. இடது கையால் பூவைப் பின்னாலிருந்து ஏந்திக்கொள்கிறார். குச்சி முனையால் சங்கிதழை நீளவாக்கில் ஒரு கீறு. உள்ளே வெள்ளையாகத் தூண் தெரிகிறது. அந்த நாக்குத் தோலுக்கு அடியில் குச்சியைக் கொடுத்து மேலே தூக்குகிறார், இடது கட்டைவிரலால் மேலே இருக்கிற மகரந்த உருண்டையை மெல்ல அமுக்குகிறார், குச்சியை உருவுகிறார். நான் ஒன்று என்று எண்ணி இரண்டு என்று எண்ணுவதற்குள் அடுத்த பூவுக்குப் போய்விட்டார். நல்ல பூ நாளில் ஆயிரம் பூ தொடுவேன் என்றார்.

எல்லாப் பூவையும் தொடுவதில்லை. ஒரு கொத்துக்கு எட்டுப் பத்து மட்டும், அதிலும் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கிற பூவாக. மேலே இருக்கிற பூ காய்த்தால் காய் வளையும். எண்ணிக்கை கூடினால் காய் சிறுக்கும், கொடியும் இளைத்துவிடும். மிச்ச மொட்டுகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே போனார். விலை ஏறியிருந்த வருஷங்களில் பல தோட்டங்களில் எல்லாப் பூவையும் தொட்டுவிடச் சொல்வார்களாம், அடுத்த வருஷம் கொடியே படுத்துவிடுமாம்.

எனக்கும் ஐந்து பூ கொடுத்தார். முதல் பூவில் கீறல் ஆழமாகப் போய்த் தூணே ஒடிந்துவிட்டது. அதற்குப் பதில் இன்னொன்று காட்டினார். மொத்தம் ஐந்து பூவைத் தொட்டு முடிக்க எனக்குக் கால் மணி நேரமானது. "நின்னுச்சுன்னா காய். நாளைக்கோ நாளன்னைக்கோ காம்போட உதுந்துச்சுன்னா இல்ல" என்று சொல்லிவிட்டு, நான் தொட்ட கொத்துகளின் காம்பில் தன் சேலை ஓரத்து நூலை இழுத்து அடையாளம் கட்டினார்.

திரும்பி வந்து தாளில் கணக்குப் போட்டேன். பச்சைக்காய் ஆறு கிலோ காய்ந்தால் ஒரு கிலோ. நல்ல காய் காய்ந்த பிறகு மூன்று கிராம் வரும். அப்படியானால் ஒரு கிலோவுக்கு முந்நூறு காய்க்கு மேல். முந்நூறு பூ, முந்நூறு தடவை அந்தக் குச்சி, அந்தக் கட்டைவிரல். ஒரு லிட்டர் ஐஸ்கிரீமுக்கு ஒரு காய் போதும். எங்கள் கடையில் ஒரு ஸ்கூப்புக்கு எவ்வளவு கூடும் என்று போட்டுப் பார்த்தால், நான் பயந்த அளவுக்கு இல்லை.

நான்காம் நாள்

வானம் மூடிக்கொண்டு தூறல். அம்மச்சியின் மகன் (சேட்டா என்றுதான் கூப்பிடுகிறேன்) இரட்டையார் பக்கம் வெனிலா வைத்திருக்கிற இன்னொருவரிடம் கூட்டிப்போனார். அவர் காயைப் பச்சையாகவே விற்றுவிடுகிறார். பதப்படுத்தி விற்றால் அதிகம் கிடைக்குமே என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். பறித்த அன்றே காசு வந்தால் பள்ளிக்கூடச் சம்பளம், கூட்டுறவுச் சங்கத்துக் கடன் கட்டலாம். பதப்படுத்த நாலு மாசம் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு எங்கே போவது? நடுவில் மழை பிடித்துப் பூஞ்சை வந்தால் மொத்தமும் போச்சு. அவர் சொல்வதில் தப்பே இல்லை. நேராக விவசாயியிடம் வாங்குகிறேன் என்று சொல்கிறவர்கள் அந்த நாலு மாசத்தை யார் தலையில் வைக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். நானும் கிளம்பும்போது யோசிக்கவில்லை.

திரும்பும் வழியில் புற்றடியில் ஸ்பைசஸ் பார்க் வாசலில் டீ குடித்தோம். ஏலக்காய்க்கு இங்கேயும் போடியிலும் மாறி மாறி மின்னணு ஏலம் நடக்கிறது. இன்றைய விலை என்ன என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் ரூபாய் சுத்தமாகச் சொல்வார். வெனிலாவுக்கு அப்படி ஓர் ஏலமும் கிடையாது. வருகிற வியாபாரி சொல்வதுதான் விலை. சேட்டன் ஃபோனில் மடகாஸ்கர் விலையைத் தேடிப் பார்ப்பாராம். ஏறும்போது வியாபாரிகள் அதைச் சொல்வதில்லை, இறங்கும்போது மட்டும் உடனே சொல்லிவிடுகிறார்கள் என்றார்.

மாலையில் மதுரையில் எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேக்கரிக்காரர்களிடம் பேசினேன். இருவரும் பங்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ராத்திரி வீட்டுக்காரரோடு மறுபடி பேசினேன். இன்று முடிவு ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள்

காலையிலேயே வெயில். அம்மச்சி பதப்படுத்துகிற அறையைத் திறந்தார். ஏலக்காய் உலர்த்த ஒரு காலத்தில் வைத்திருந்த அறை. கதவைத் திறந்ததும் நான் எதிர்பார்த்த ஐஸ்கிரீம் வாசனை வரவில்லை. உலர்திராட்சை, வெல்லப்பாகு, பழைய மரப்பெட்டி, லேசாகப் புகையிலை, இதெல்லாம் கலந்த ஒரு வாசனை. கொஞ்ச நேரம் நின்றால்தான் அதற்கு அடியில் வெனிலா தெரிகிறது.

பச்சைக்காய்க்கு மணமே கிடையாது. சேட்டன் கொடியில் கடைசியாக மிச்சமிருந்த ஒரு காயைக் கொண்டுவந்து ஒடித்துக் காட்டினார், பச்சை பீன்ஸ் மாதிரிதான் இருந்தது. வெனிலின் அதில் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. காயை உயிரோடு விடாமல் வெந்நீரில் முக்கிச் சூட்டில் புழுங்க வைத்தால்தான் உள்ளே இருக்கிற நொதி அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். நுனி லேசாக மஞ்சளாகிற நாளில் காயைப் பறிக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் பிளந்துவிடும், முன்னாலேயே பறித்தால் மணம் வராது. பறித்ததை மூங்கில் கூடையில் போட்டு 63 முதல் 65 டிகிரி சூட்டுத் தண்ணீரில் மூன்று நிமிஷம் முக்குகிறார்கள். உடனே கம்பளியில் சுற்றி மரப்பெட்டியில் மூடிவிட்டால் மறுநாள் சாக்லேட் நிறத்தில் வியர்த்துப்போய் வருகிறது. அப்புறம் தினம் ஒன்றிரண்டு மணி நேரம் கம்பளி மேல் வெயில், சூடு ஆறும் முன் மறுபடி சுருட்டிப் பெட்டி. பத்து நாள் போல இப்படி. பிறகு நிழலில் பலகைத் தட்டில் வாரக்கணக்கில். அம்மச்சி தினம் ஒவ்வொரு காயாகக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நீவிவிடுவார். அவர் விரல்நுனிகள் காயின் நிறத்திலேயே இருந்தன.

மேஜையில் காயை நீள வாரியாகப் பிரித்துப் போட்டோம். நீளமும் வழவழப்பும் உள்ளவை ஒரு பக்கம். குட்டை ஒரு பக்கம். பிளந்தவையும் தழும்பு விழுந்தவையும் இன்னொரு பக்கம். அம்மச்சி ஒரு காயை எடுத்து என் சுட்டுவிரலில் மோதிரம் போலச் சுற்றினார். முறியாமல் சுற்றிக்கொண்டது, விட்டதும் மெதுவாக நிமிர்ந்தது. அந்தக் கட்டு சரி. அடுத்த கட்டிலிருந்து எடுத்த காய் விரலில் ஈரமாக ஒட்டியது. "இது இன்னும் மூணு வாரம் கெடக்கணும். இப்ப எடுத்தா உனக்கு நஷ்டம்" என்று அவரே தட்டுக்குத் திருப்பிப் போட்டார். போன வருஷம் பாக்கெட்டில் நான் வாங்கியது இந்த நிலையில் இருந்த காய்தான்.

அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடி எடுத்தார். போன வருஷத்துக் காய், வீட்டுக்கென்று வைத்தது. மேலெல்லாம் வெள்ளை. பூஞ்சை என்று நினைத்து எனக்கு ஒரு நிமிஷம் மனசு சுருங்கியது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிக் காட்டினார். ஊசி ஊசியாக, சர்க்கரைத் தூள் போல மின்னியது. பூஞ்சை மின்னாது, பஞ்சு மாதிரி மங்கலாகப் படியும், முகர்ந்தால் முக்கல் வாடை வரும். இது காயிலிருந்து தானாகவே வெளியே பூத்த வெனிலின். நல்ல காயை அவசரப்படாமல் மாசக்கணக்கில் மூடி வைத்தால் வரும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். லேசான கசப்பு, பிறகு நெடுநேரம் அந்த மணம்.

பேச்சை முடித்தது அந்த மேஜையில்தான். இந்த வருஷக் காய் மொத்தம் பதினொரு கிலோ வரும். பிளந்தது, குட்டை எல்லாம் சேர்த்து எல்லாவற்றையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம். நல்ல நீளக் காய் மட்டும் வேண்டும் என்று வருகிறவர்கள் விட்டுப்போவதைத்தான் விவசாயி தூக்கிச் சுமக்கிறார். ஐஸ்கிரீமுக்குப் பாலில் ஊற வைக்கப் பிளந்த காயும் அதே அளவு மணம் கொடுக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு அடிவிலை. சந்தை அதற்குக் கீழே போனாலும் அதைக் கொடுப்போம், மேலே போனால் ஏறியதில் பாதி சேர்த்துக் கொடுப்போம். தொகையில் மூன்றில் ஒரு பங்கு பூக்காலத்திலேயே முன்பணம், அக்காவின் கூலியும் அதில் அடங்கும். காய் ஈரமாக இருந்தால் அனுப்ப வேண்டாம், நாங்கள் காத்திருக்கிறோம். விலையை இங்கே எழுதவில்லை. அது எங்களுக்குள் இருக்கட்டும்.

சேட்டன் ஒரு வெள்ளைத்தாளில் மலையாளத்திலும் நான் தமிழிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முன்பணத்தை அங்கேயே ஃபோனில் அனுப்பினேன். அம்மச்சி தாளை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு தன்னுடைய மலையாளப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். "மூணு வருஷம்னு எழுதியிருக்கு" என்றார். "ஆமா அம்மச்சி" என்றேன். மடித்து பைபிளுக்குள் வைத்தார்.

காய்ந்து தயாராக இருந்த இரண்டு கிலோவை வெண்ணெய்த்தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். மீதி மாசி கடைசியில் வரும். நாலு மணி ஜீப்பைப் பிடிக்க வேண்டும் என்று பையைத் தூக்கும்போது அக்கா சரிவிலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்க பூவைப் பாக்காமப் போறீங்களே!"

நூல் கட்டிய கொத்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். நான் தொட்டதில் மூன்று பூ இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இரண்டில் வாடிய பூ நுனியில் ஒட்டிக்கொண்டு, பின்னால் காம்பு பச்சையாக, நிமிர்ந்து நின்றது. அக்கா அவற்றைத் தொடாமல் கீழேயிருந்து விரலால் சுட்டினார்.

"இது ரெண்டும் நின்னுருச்சு. கார்த்திகையில வந்து பறிச்சுக்கங்க."